பிறெசர் கல்

மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றுகிற லைற்றரில் காஸ் தீர்ந்துபோயிருந்தது. அப்பா அதைக் குப்பையில் போடவில்லை. கதிரையில் சாய்ந்திருந்து விசையை அமத்தி அமத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். டிக். டிக். ஒவ்வொரு தடவையும் நுனியில் ஒரு நீலப் பொறி வந்து போனது.

சனிக்கிழமைக் காலை. யன்னலுக்கு வெளியே நாங்கள் இருக்கிற சென் ஜேம்ஸ் ரவுணின் மற்ற அடுக்குமாடிக் கட்டடங்கள், பல்கனிகளில் சைக்கிளும் ஈரத் துவாயுமாக நின்றன. அம்மா குசினியில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தா. எனக்கு ஒரு கையில் போன், மறு கையில் தேத்தண்ணி.

"இஞ்ச பார் பிள்ளை," என்றார் அப்பா. "இதுக்குள்ள காஸ் இல்லை, பற்றறியும் இல்லை. ஒரு சின்னக் கல்லு. கல்லுக்குத் தன்ர மேல பாரம் ஏறினா சும்மா இருக்கத் தெரியாது. கறண்ட் விடும்."

சொல்லிவிட்டு இடது கையைத் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டில் கறுப்பு மணிகள் கோத்த காப்பு ஒன்று. புதிது.

"இதுவும் அந்த இனந்தான். பிறெசர் கல்லு."

தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டேன்.

அப்பா சொன்னது பெரும்பாலும் சரி. லைற்றருக்குள் இருப்பது தொழிற்சாலையில் செய்த பீங்கான் துண்டு. விசையை அமத்தினால் ஒரு குட்டிச் சுத்தியல் அதன் தலையில் அடிக்கும். அடிபட்ட துண்டு மின்சாரத்தைக் கக்கும். ஆனால் விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிற அப்பா, என் படிப்பைப் பற்றி ஒரு நாளும் ஒரு கேள்வியும் கேட்டிராத அப்பா, இதை எங்கே பிடித்தார்?

அதைவிடப் பெரிய விசயம், அந்த வசனம் என்னுடையது. 'கல்லுக்குத் தன் மேல் பாரம் ஏறினால் சும்மா இருக்கத் தெரியாது.' கோயில் மண்டபத்தில் நடந்த இளைஞர் நாளில், இதே மாதிரி ஒரு லைற்றரைக் கையில் வைத்துக்கொண்டு நான் சொன்ன வசனம்.

யாரோ என் வசனத்தைத் திருடி, அதைக் கல்லோடு சேர்த்துக் கட்டி, என் அப்பாவுக்கே விற்றிருக்கிறார்கள். அப்போது எனக்குத் தோன்றியது இதுதான். இந்தத் தொடரைத் தொடக்கத்தில் இருந்து வாசிப்பவர்களுக்கு, ஒன்று தோன்றினால் நான் அதைக் கைவிடுகிற ஆள் இல்லை என்பது தெரியும்.

ஒரு சொல், இரண்டு வேலை

எங்கள் ஆட்களின் பேச்சில் பிறெசர் என்றால் ஒன்றுதான், இரத்த அழுத்தம். அவவுக்குப் பிறெசர். அவர் பிறெசருக்குக் குளிசை எடுக்கிறார். என்ர பிறெசரை ஏத்தாதை. அந்தச் சொல்லுக்கு வேறு வேலை கிடையாது.

நான் படிப்பதோ மற்றப் பிறெசர். படிகங்களையும் கனிமங்களையும் பலமாக அழுத்தினால் அவற்றின் உள்ளே என்ன நடக்கிறது என்பது. ஆனால் யாராவது "மகள் என்ன படிக்கிறா?" என்று கேட்டால், நான் வாய் திறக்கமுன் அப்பாவிடமிருந்து பதில் போய்விடும்: "பிறெசரில ஆராய்ச்சி."

அதன் பலனைப் பூசை முடிந்து வெளியே வரும்போது அனுபவிப்பேன். ஒரு அன்ரி சட்டைக் கையை மடித்துக்கொண்டு வருவா. மேல் எண் கூடவாம், கீழ் எண் பரவாயில்லையாம், என்ன செய்யலாம் என்பா. நான் கல், பாறை, பூமியின் அடி என்று விளங்கப்படுத்துவேன். "ஓம் ஓம், கல்லுப் பிறெசர்," என்று தலையாட்டிவிட்டு, அப்படியென்றால் உப்பைக் குறைக்கவா என்று கேட்பா.

இது எங்கள் வீட்டில் நின்று நிலைத்த பகிடி. சாப்பாட்டு மேசையில் நான் அந்த அன்ரிமாரைப்போல் நடித்துக் காட்டுவேன். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பா. அப்பாவும் சிரிப்பார். அப்பா எதற்குச் சிரித்தார் என்பது மட்டும் எனக்கு வெகுகாலம் தெரியாமலே இருந்தது.

நெரிக்கிற வேலை

எங்கள் ஆய்வுகூடத்தில் இருக்கும் கருவி உள்ளங்கைக்குள் அடங்கும். அதன் உள்ளே இரண்டு வைரங்கள், முனைக்கு முனை. நடுவே மெல்லிய உலோகத் தகட்டில் ஊசித் துளை மாதிரி ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்குள் தூசி அளவு படிகத்தை வைத்துத் திருகாணிகளைத் திருகினால், வைரங்கள் இரண்டும் அதை நெரிக்கும். விரல் பலம் போதும்.

விரல் பலத்தில் அப்படியென்ன வந்துவிடும் என்று கேட்கலாம். நெரிசலான பஸ்ஸிலோ ஸ்ரீற்காரிலோ நின்றிருப்பீர்கள். தட்டையான சப்பாத்துப் போட்ட பெருத்த மனிதர் காலை மிதித்தால் தாங்கலாம். ஒல்லியான பெண் ஒருத்தி சப்பாத்தின் ஊசிக் குதியால் மிதித்தால் உயிர் போகும். பாரம் எவ்வளவு என்பதோடு, அது எவ்வளவு சின்ன இடத்தில் இறங்குகிறது என்பதும் கணக்கு. வைர முனையோ ஊசிக் குதியைவிடப் பலமடங்கு சின்னது. பூமிக்குள் வெகு ஆழத்தில் இருக்கிற அழுத்தத்தை மேசைமேல் கொண்டுவந்துவிடலாம்.

அங்கே படிகங்கள் தங்கள் குணத்தைக் காட்டும். உள்ளே அணுக்கள் நெருங்கி நெருங்கி, இனி இடமில்லை என்ற கட்டத்தில் சட்டென்று வேறு ஒழுங்கில் வந்து நிற்கும். பெயர்கூட மாறிவிடும். பென்சில் முனையில் இருக்கிற அதே கரிதான், ஆழத்துச் சூட்டோடும் அழுத்தத்தோடும் வைரமாகிறது. வைரம் மேலே வந்த பிறகும் வைரமாகவே நிற்கும். வேறு பல கனிமங்கள் அப்படியில்லை. திருகாணியைத் தளர்த்தியதும், ஒன்றும் நடவாததுபோல் பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும். பிறகு நீங்கள் எந்த நுணுக்குக்காட்டியில் பார்த்தாலும், இந்தத் துண்டு என்ன பாடு பட்டது என்று கண்டுபிடிக்க முடியாது.

ஒருமுறை சட்பரிப் பக்கம் கள ஆய்வுக்குக் கூட்டிப்போனார்கள். வானத்திலிருந்து பெரும் பாறை ஒன்று வந்து மோதிய இடம் அது. பாதை ஓரத்துப் பாறைகளில் குதிரை வால் விரித்ததுபோல் கோடு கோடாக அடையாளங்கள். அந்த அடி பட்டு எத்தனையோ கோடி வருடம். பாறை இன்னமும் அதை மறக்கவில்லை. எல்லோரும் படம் எடுத்தார்கள். நான், இதை யாராவது உளியால் வெட்டியிருப்பார்களோ என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கதோசம்.

சந்தேகப்படுவது எங்கள் தொழிலில் ஒரு தகுதி. முதல் பாடமே, திருகாணியை நம்பாதே என்பது. நீ எவ்வளவு திருகினாய் என்பது வேறு, உள்ளே எவ்வளவு ஏறியது என்பது வேறு. உலோகம் இடையில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். அதனால் படிகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மாணிக்கத் துணுக்கையும் வைப்போம். லேசர் பட்டால் அது சிவப்பாக ஒளிரும். அழுத்தம் கூடக்கூட அந்தச் சிவப்பு இம்மி இம்மியாக நகரும். எவ்வளவு நகர்ந்தது என்பதுதான் உண்மையான கணக்கு. வெளியே நின்று ஊகிக்காதே, உள்ளே இருக்கிறவரைக் கேள்.

இதை நான் ஆய்வுகூடத்தில் ஒழுங்காகச் செய்தேன். வீட்டில் செய்யத் தெரியவில்லை.

சொக்ஸ் அடையாளம்

அந்தச் சனிக்கிழமை காப்பைப் பார்த்த கண் அப்படியே கீழே இறங்கியது. அப்பா வெறுங்காலைத் தூக்கிச் சின்ன முக்காலியில் வைத்திருந்தார். கணுக்கால் வழுவழுவென்று இருந்தது.

அது அப்படி இருக்கக்கூடாது.

போன மாரிக்காலத்தில் அப்பா வேலையிடத்தில், பெட்டிகள் ஓடுகிற பட்டியின் பக்கத்திலேயே, தலைசுற்றி நிலத்தில் இருந்துவிட்டார். வைத்தியர் பிறெசர் எண்ணைப் பார்த்து முகத்தைச் சுருக்கிக் குளிசை எழுதினார். அந்தக் குளிசை தொடங்கியதில் இருந்து அப்பாவின் கால் பின்னேரமானால் ஊதிவிடும். சொக்ஸைக் கழற்றினால் கணுக்காலைச் சுற்றி ஆழமான வளையம். அம்மா விரலால் அமத்திப் பார்ப்பா. குழி விழுந்து, மெல்ல மெல்ல மேலே வரும்.

இப்போது வளையமும் இல்லை, வீக்கமும் இல்லை. ஒன்று, காலுக்குச் சுகம் வந்திருக்கவேண்டும். அல்லது குளிசை நின்றிருக்கவேண்டும்.

குசினிக்குள் போய்க் குரலைத் தாழ்த்தி விசாரித்தேன். அம்மா தான் பார்க்கிற நேரமெல்லாம் அவர் குளிசையை வாயில் போடுகிறார் என்றா. போட்டதும் எங்கே போவார் என்று கேட்டேன். புட்டுக் குழலில் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. பாத்ரூமுக்கு என்றா அம்மா. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

இது விளையாட்டு இல்லை. பார்க்டேலில் இருக்கிற பெரியப்பா, அப்பாவின் நேர் அண்ணை, இதே பிறெசரைக் கவனிக்காமல் விட்டவர். ஒரு காலை பல் தீட்டப்போனவருக்கு வலது பக்கம் இழுத்துவிட்டது. இன்றைக்கும் பெரியம்மாதான் சோற்றைக் குழைத்து ஊட்டுகிறா. அவரைப் பார்க்கப் போனால் அப்பா வாசலோடு நின்று கதைத்துவிட்டு வந்துவிடுவார். உள்ளே போகமாட்டார்.

அப்படிப்பட்டவர் குளிசையைத் துப்புவதென்றால், அந்தக் காப்பை விற்றவன் லேசுப்பட்டவனாக இருக்கமுடியாது.

கார் டிக்கி

காப்பை யார் தந்தது என்பதை அப்பா ஒளிக்கவில்லை. யூஜின் தந்தவன் என்றார். யூஜின் அங்கிள் அப்பாவோடு வேலை செய்பவர். வார இறுதியில் காரின் டிக்கியில் வைத்துக் கல், மாலை, காப்பு விற்பார்.

மறுநாளே புறப்பட்டேன். கார் இல்லாமல் மிசிசாகாவில் இருக்கிற ஒருவரைச் சந்தேகிப்பது கஷ்டமான வேலை. சப்வே, பஸ், இன்னொரு பஸ். வழிநெடுகப் பேச்சைத் தயாரித்துக்கொண்டு போனேன்.

அங்கிள் வீட்டு வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குழாயை மூடிவிட்டு, வா பிள்ளை, சாப்பிட்டியோ என்றார். நான் சாப்பிட வரவில்லை என்று சொல்லிவிட்டு நேராகக் கேட்டேன். டிக்கியைத் திறந்து காட்டினார். வெல்வெற் தட்டுகளில் பச்சை, ஊதா, கறுப்பு. கறுப்புத் தட்டில் மட்டும் ஒரு காகிதம் ஒட்டி, தமிழில் 'பிறெசர் கல்' என்று எழுதியிருந்தது.

"அங்கிள், உது பிறெசரைக் குறைக்கும் எண்டு நீங்கள் எப்பிடிச் சொல்லலாம்?"

"நான் சொல்லேல்லையே."

"எழுதியிருக்கு."

"எழுதினது நான். சொன்னது உங்கட அப்பா." துணியைப் பிழிந்து தோளில் போட்டார். "நான் உதைச் சாறிக்கு வடிவெண்டுதான் வித்தனான். கறுப்பெண்டு ஒருத்தியும் வாங்கேல்லை. லஞ்ச் ரூமில அப்பா ஒண்டைக் கையில எடுத்து, இது என்ன கல்லெண்டு கேட்டார். தூர்மலின் எண்டன். உடன எழும்பி நிண்டு ஒரு பிரசங்கம். கல்லை அமத்தினா கறண்ட் வருமாம், என்ர மகள் இதிலதான் ஆராய்ச்சி செய்யிறா, இது பிறெசர் கல்லு எண்டு. முழு ஷிப்ற்றும் வாங்கிச்சுது. உங்கட சப்ஜெக்ற் பிறெசர்தானே?"

"ஓம், ஆனா..."

"பிறகென்ன?"

அங்கிள் கறுப்புக் காப்பு ஒன்றை எடுத்து, கொண்டுபோய்ப் பார் என்று நீட்டினார். வாங்கவில்லை. சோதனைக்கென்று தருகிற கல் நல்ல கல்லாகத்தானே இருக்கும். சோதிப்பதென்றால் அப்பாவின் கையில் இருப்பதைத்தான் சோதிக்கவேண்டும்.

திரும்பிவரும் பஸ்ஸில் மண்டை இடித்தது. இளைஞர் நாளில் அப்பா கடைசி வரிசையில், இரவு ஷிப்ற் முடித்த உடுப்போடு, தலை தொங்கி நாடி நெஞ்சில் தட்ட நித்திரையாக இருந்தவர். என் பேச்சில் ஒரு சொல்கூட அவர் காதில் விழுந்திருக்காது என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

கல்லின் வாக்குமூலம்

காப்பில் இருந்து ஒரு மணியைத் தரச்சொல்லி அப்பாவிடம் கேட்டேன். மறுக்கவில்லை. காப்பை அவிழ்த்து, ஒன்றைக் கழற்றி, மிச்சத்தைத் திரும்பக் கோத்து முடிச்சுப் போட்டார். அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

என் நம்பிக்கை எல்லாம் அது கண்ணாடியாக இருக்கும் என்பதில். கண்ணாடியில் அணுக்களுக்கு ஒழுங்கு கிடையாது. எவ்வளவு அமத்தினாலும் மின்சாரம் தராது. கண்ணாடி என்று காட்டிவிட்டால் கதை முடிந்தது.

தூர்மலினுக்கு ஒரு பழைய கதை உண்டு. அந்தப் பெயரே இலங்கையில் இருந்து கப்பலேறிப்போனது என்பார்கள். அங்கிருந்து அந்தக் கல்லைக் கொண்டுபோன ஒல்லாந்தர்கள், சூடாக்கினால் அது சாம்பலை இழுப்பதைக் கண்டு, புகைக்கிற சுங்கானுக்குள் சாம்பல் கிளறி எடுக்கப் பாவித்தார்களாம். அழுத்தம் மட்டுமில்லை, சூடு பட்டாலும் அதற்கு மின்சாரம் ஏறும். ஆய்வுகூடத்துக்குப் போகமுன், மணியை மெழுகுதிரிச் சுவாலையில் காட்டிவிட்டு அம்மாவின் சாம்பிராணிச் சாம்பலுக்குக் கிட்டே கொண்டுபோனேன். சாம்பல் அசைந்தமாதிரி இருந்தது. யன்னலும் திறந்திருந்தது. தீர்ப்பு இல்லை.

ஆய்வுகூடத்தில் அந்தச் சாட்டெல்லாம் கிடையாது. லேசர் பட்டால் ஒவ்வொரு கனிமமும் தனக்கே உரிய முறையில் அதிரும். அந்த அதிர்வின் கோட்டைப் பார்த்து ஆள் யார் என்று சொல்லிவிடலாம். மணியை வைத்தேன். கோடு வந்தது.

தூர்மலின். சுத்தமான, அசல் தூர்மலின்.

மெசினைச் சந்தேகித்தேன். மணியைத் திருப்பி வைத்தேன். பிறகு என்னையே சந்தேகித்து, பக்கத்து மேசைத் தோழியிடம் எதுவும் சொல்லாமல் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவளும் அதையே சொன்னாள். நல்ல கல் ஒன்றின்மேல் எனக்கு அவ்வளவு கோபம் ஒருநாளும் வந்ததில்லை.

வீட்டுக்கு வரும் சப்வேயில் ஒரு கெட்ட யோசனை கூடவே வந்தது. கண்ணாடி என்று சொல்லிவிட்டால் என்ன? ஒரே ஒரு சொல். அப்பா நம்புவார். காப்பைக் கழற்றுவார், குளிசையை விழுங்குவார், பெரியப்பாவைப்போல் ஆகமாட்டார். என்னை வைத்து ஒரு ஷிப்ற் முழுவதையும் நம்பவைத்த மனிதர், நான் சொன்னால் நம்பமாட்டாரா?

நம்புவார் என்பதுதான் பிரச்சினை. அடுத்த நாள் லஞ்ச் ரூமில் அதையும் எழும்பி நின்று சொல்வார்.

சப்பாத்து

நான் உள்ளே வந்தபோது அப்பாவும் வேலையால் வந்த நேரம். இரும்பு முனை வைத்த சப்பாத்து இரண்டும் வாசலில், நாக்குகள் வெளியே தொங்கக் கிடந்தன.

"நல்ல கல்லு அப்பா. அசல்."

அம்மா பக்கம் திரும்பி, "நான் சொன்னனான்தானே?" என்றார்.

"ஆனா உங்கட பிறெசருக்கு அதால ஒண்டும் நடக்காது. இரத்தத்தின்ர பிறெசர் அந்தக் கல்லுக்குத் தெரியவே தெரியாது. நான் அமத்திற அளவுக்கும் அதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் தூரம்."

"நீதானே மண்டபத்தில சொன்னாய்?"

பிறகு அவர் என் பேச்சைச் சொல்லத் தொடங்கினார். தொடக்கம் முதல் கடைசி வரை. நான் எந்த இடத்தில் லைற்றரை எடுத்தேன், எந்த இடத்தில் பிள்ளைகள் கைதட்டினார்கள், எந்த இடத்தில் எனக்குச் சொல் வராமல் தண்ணீர் குடித்தேன் என்று. நாடி நெஞ்சில் தட்ட இருந்த மனிதர், கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறார்.

ஆனாலும் நான் விடவில்லை. அது வேறு பிறெசர் அப்பா, பாறைக்கு மேல் பாறை இருக்கிற பாரம், ஆளுக்கு வருகிற வருத்தம் இல்லை என்றேன்.

அப்பா காப்பை மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அப்ப நீ படிக்கிறது இந்தப் பிறெசர் இல்லையே?"

எத்தனை வருடம். சாப்பாட்டு மேசையில் நான் அன்ரிமாரை நடித்துக் காட்டியபோதெல்லாம், கல்லால் இரத்த அழுத்தத்தைக் குறைக்கிற என் ஆராய்ச்சி அவர்களுக்கு விளங்கவில்லையே என்றுதான் அப்பா சிரித்திருக்கிறார்.

அம்மா அகப்பையோடு வெளியே வந்தா. தான் எத்தனையோ தரம் சொன்னதாகவும், இந்த மனுசன் காதில் போடவில்லை என்றும் சொன்னா. பிறகு என்னைப் பார்த்து, "நீயும் கல்லோட மல்லுக்கட்டாதை," என்றா. "மடு மாதா கோயில் மண் அலுமாரிக்குள்ள இருக்கு. பாம்புக்கடிக்கு எண்டு இவர் மன்னாரில இருந்து கொண்டுவந்தது. மண் இருக்கெண்டு இந்த வீட்டில ஆரும் ஆஸ்பத்திரிக்குப் போகாம விட்டவையே? கல்லும் கிடக்கட்டும். குளிசை ஏன் நிண்டது எண்டு கேள்."

அந்தக் கேள்வியை நான் இதுவரை யூஜின் அங்கிளிடம் கேட்டேன், கல்லிடம் கேட்டேன், மெசினிடம் கேட்டேன். உள்ளே இருந்தவரைக் கேட்கவில்லை.

"ஏன் அப்பா குளிசையை விட்டனீங்கள்?"

வாசலைக் காட்டினார்.

"சப்பாத்து ஏறுதில்லை."

அவ்வளவுதான். குளிசை எடுத்தால் கால் ஊதும். ஊதிய காலை இரும்பு முனைச் சப்பாத்துக்குள் திணித்தால், பின்னேரம் பெட்டி தூக்கும்போது விரல்கள் நெரிந்து கண்ணில் பொறி பறக்கும். நொண்டினால் மேலாளர் காண்பார். கண்டால் பட்டியடியில் இருந்து எடுத்து எங்காவது ஒரு மூலையில் இருத்திவிடுவார்கள். குளிசையைக் கொஞ்ச நாள் விட்டுப் பார்த்தாராம். கால் வற்றியது. தலையும் சுற்றவில்லை. அந்த நேரம் பார்த்துக் கல்லும் வந்தது. மகளின் ஆராய்ச்சிக் கல். அதைப் போட்டிருக்கும்போது குளிசையைத் துப்புவது அவருக்குப் பிழையாகத் தெரியவில்லை.

வைத்தியரிடம் கால் வீக்கத்தைச் சொன்னீர்களா என்றேன். சப்பாத்துக்காக ஒருவர் வைத்தியரிடம் போவாரா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

நின்றபடியே வைத்தியரின் இடத்துக்குப் போன் எடுத்தேன். அந்தக் குளிசைக்குக் கால் வீங்குவது நடக்கிறதுதானாம். வேறு வகைக்கு மாற்றலாமாம். ஆனால் முதலில் பிறெசரை அளந்துகொண்டு வரவேண்டுமாம். வருகிற கிழமைக்கு நேரம் தந்தார்கள். மருந்துக்கடையில் கையை நுழைத்து அளக்கிற கதிரை இருக்கிறதே, இப்போதே போவோம் என்றேன்.

அப்பா அசையவில்லை. உது எல்லாருக்கும் எண்ணைக் கூட்டித்தான் காட்டும் என்றார். அந்தக் கதிரையில் அவருக்கு எள்ளளவும் நம்பிக்கை இல்லை. பட்டியடியில் தலைசுற்றிய அன்றும் ஒரு மெசின் எதையோ காட்டித்தான் இந்தக் குளிசையே வந்ததாம். எனக்கு இந்தச் சந்தேகப் புத்தி எங்கே இருந்து வந்தது என்று யாரும் இனி என்னிடம் கேட்கவேண்டாம்.

வேறு வழி இல்லாமல் மாணிக்கத் துணுக்கின் கதையைச் சொன்னேன். திருகாணியை நம்பாமல், உள்ளே இருக்கிறவரைக் கேட்கிற கதை. நடுவில் மறிக்காமல் கேட்டார். இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு.

"அந்த வைர மெசினை நான் திருகிப் பாக்கலாமோ?"

பேராசிரியரிடம் கேட்டுவிட்டேன். சரி என்கிறார். முனை உடைந்து ஒதுக்கிவைத்த பழைய வைரச் சோடி ஒன்று இருக்கிறது. பெட்டி தூக்குகிற கை அளவுக்கு மிஞ்சித் திருகினாலும் பெரிய நட்டம் இல்லை. உள்ளே கல் வைக்கப்போவதில்லை. ஒரு துளி குழாய்த் தண்ணீரும், பக்கத்தில் ஒரு மாணிக்கத் துணுக்கும். காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறக்குறையப் பத்தாயிரம் மடங்கு ஏறினால், அறைச் சூட்டிலேயே தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும். குளிர் ஒரு துளியும் இல்லாமல். திரையில் அந்தப் படிகம் கோணல்மாணலாக வளர்வதைப் பார்க்கலாம். திருகாணியைத் தளர்த்தினால் உருகிப்போகும். கார்க் கண்ணாடியில் பனி சுரண்டுவதை இந்த நாட்டின்மேல் பெரிய முறைப்பாடாக வைத்திருக்கிற மனிதர் அதற்கு என்ன சொல்வார் என்று தெரியவில்லை.

கைப்பட்டி கட்டிப் பிறெசர் அளக்கிற மெசின் ஒன்றையும் பையில் வைத்திருக்கிறேன். மாணிக்கம் தன் எண்ணைச் சொன்ன அதே மேசையில், அதே இருப்பில், அப்பாவின் எண்ணையும் எடுப்பதாகத் திட்டம். எண் கூடவாக இருந்தால் அதை வைத்தியரிடம் கொண்டுபோவோம் என்று சொல்லியிருக்கிறேன். காப்பைக் கழற்றச் சொல்லவில்லை.

ஒப்புக்கொள்வாரா என்று இரண்டு நாள் சந்தேகத்தோடு இருந்தேன். நேற்று வேலைக்கு வெளிக்கிடும்போது, வாசலில் குந்தியிருந்து சப்பாத்துக் கயிற்றைத் தளர்த்திக் கட்டிக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்:

"சனிக்கிழமை வாறன். முதல் உன்ர தண்ணியை நான் அமத்திறன். பிறகு என்ர கையை நீ அமத்து."